குமிழ் இல்லாத ரேடியோ

மெழுகண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. வாய்விட்டுக் கூப்பிடத்தான் ஆளில்லை. பழைய ரேடியோ வைத்திருக்கும் இருபது முப்பது பேர் சேர்ந்து வைத்த பட்டப்பெயர் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. கோபம் வந்தால் மனைவியே, "மெழுகண்ணே, சாப்பாடு ஆறுது" என்றுதான் குரல் கொடுப்பாள்.

வாரத்தில் ஆறு நாள் அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருஷமாக அதே கம்பெனி. அங்கே ஒரு சின்ன பல்பை மாற்றினாலும் பதிவேட்டில் எழுத வேண்டும்: எந்தக் கட்டடம், எந்தச் சாமான், எந்தத் தேதி, கீழே கையெழுத்து. அடுத்து வருகிறவன் கதவைத் திறந்தால் முன்னால் வந்தவன் என்ன செய்தான் என்று தெரியவேண்டும். அவர் எழுதிய பக்கங்களைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே மனிதர் நேர் எதிராக மாறிவிடுவார். அன்றைக்குப் பழைய வால்வு ரேடியோ. அதில் முதலில் கெட்டுப்போவது கண்டென்சர். மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்து விடுகிற, சுண்டுவிரல் அளவு உருளை. காகிதமும் தகடும் சேர்த்துச் சுருட்டி, அட்டைக் குழாயில் திணித்து, மெழுகு ஊற்றி மூடியிருப்பார்கள். அறுபது வருஷத்தில் உள்ளே காகிதம் இற்றுப்போய், மின்சாரம் கசிய ஆரம்பித்துவிடும். எல்லா மெக்கானிக்கும் அதை வெட்டி எறிந்துவிட்டு, கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் புதுசு ஒன்றை ஒட்டிவிட்டுப் போவார்கள். மெழுகண்ணன் அப்படிச் செய்ய மாட்டார். மனைவியின் ஹேர் டிரையரை எடுத்து பழைய குழாயைச் சூடாக்குவார். மெழுகு இளகியதும் மரக்குச்சியால் உள்ளிருப்பதைத் தள்ளி வெளியே எடுத்து, அந்தக் காலிக் குழாய்க்குள் புதுசை ஒளித்து வைத்து, பழைய மெழுகையே உருக்கி இரண்டு பக்கமும் அடைப்பார். கடைசியில் விரல் நுனியால் கொஞ்சம் தூசியும் பூசுவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் கை பட்டது தெரியாது.

"எந்தப் பெட்டியில எதை மாத்தினோம்னு ஒரு நோட்டுல எழுதி வையுங்களேன்" என்று மனைவி பல தடவை சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவள். எழுதாத எதையும் அவள் நம்புவதில்லை. "என் தலைமுடியெல்லாம் பழைய மெழுகு நாத்தம். அதுக்காவது ஒரு கணக்கு இருக்கட்டும்."

"எழுதி வெச்சா அப்புறம் ஒளிச்சு வெச்சதுக்கு என்ன அர்த்தம்?" என்பார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்புக்கு ஒரு நாள் பதில் சொல்லவேண்டி வந்தது.

சனிக்கிழமை பேக்கரிக்காரர் போன் செய்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் சரிசெய்து கொடுத்த ரேடியோ, பட்டாசு மாதிரி வெடித்து, கடை முழுக்கப் புகை. ஞாயிறு காலையில் பெட்டியைத் திறந்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. வீட்டு மின்சாரம் உள்ளே வரும் கம்பிக்கும், ரேடியோவின் இரும்புத் தட்டுக்கும் நடுவே ஒரு கண்டென்சர் உண்டு. வெடித்தது அதுதான். அது கெட்டால் மின்சாரம் முழுசாக இரும்புத் தட்டில் ஏறிவிடும். பேக்கரியில் பெட்டியின் பின்பக்கத் திருகாணி இரும்பு அலமாரியில் பட்டுக்கொண்டிருந்ததால் ஃபியூஸ் போனதோடு முடிந்தது. அலமாரி இருந்த இடத்தில் ஒரு ஆள் கை இருந்திருந்தால்?

அந்த இடத்துக்கென்றே தனிவகைக் கண்டென்சர் இருக்கிறது. கெட்டாலும் மின்சாரத்தைத் தாண்டவிடாது. அவரும் அதைத்தான் வாங்கியிருந்தார், பத்து உருப்படி கொண்ட ஒரு பாக்கெட். மேலே முத்திரையெல்லாம் ஒழுங்காக அச்சாகியிருந்தது. மிச்சமிருந்த மூன்றும் ஒரு டப்பாவில் கிடந்தன. திங்கட்கிழமை அந்த மூன்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கம்பிகளின் காப்பைச் சோதிக்கும் மெகர் கருவியில் ஒவ்வொன்றாக மாட்டினார். முதலாவதில் முள் பொத்தென்று விழுந்தது. இரண்டாவதிலும் விழுந்தது. மூன்றாவதிலும் விழுந்தது. மூன்றும் போலி. முத்திரை மட்டும்தான் அசல்போல இருந்தது.

முப்பத்தொரு வருஷமாகச் சோதிக்காமல் ஒரு கம்பியைக்கூட லிஃப்டில் மாட்டாதவர், ரேடியோவுக்கு மட்டும் அச்சடித்ததை நம்பி மாட்டியிருக்கிறார். சோதிக்கிற கருவி ஒரு பேருந்து தூரத்தில் இருந்தது. சோம்பல்தான், வேறென்ன.

நோட்டு இல்லை. தரையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். பத்தில் மூன்று கையில். ஒன்று பேக்கரி. மீதி ஆறு எங்கே? அந்த வருஷம் வந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக நினைவில் திறந்து பார்த்தார். ஐந்து கிடைத்தன. ஆறாவதும் கிடைத்தது, முதலிலேயே கிடைத்ததுதான், அதைத் தள்ளித் தள்ளி வைத்துக் கடைசியில் எண்ணினார். அக்கா வீட்டு ரேடியோ. அப்பாவின் ரேடியோ.

ஐந்து பேருக்குப் போன் செய்வது சுலபமாக இருந்தது. பழைய தோலுக்குள் புதுச் சாமான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்கள் அவர்கள். "பிளக்கைப் பிடுங்கி வையுங்க, ஞாயித்துக்கிழமை வந்து மாத்தித் தரேன்" என்றதும் சரி என்றார்கள். ஒருவர் நன்றிகூடச் சொன்னார். அக்காவுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அவளுடைய ரேடியோவில் எதுவுமே மாற்றவில்லை என்றல்லவா அவர் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கதை இது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்தபோது அக்கா நிறைமாதம். குழந்தை பிறந்து, கொஞ்சம் சிக்கலாகி, ஆஸ்பத்திரியிலேயே மூன்று வாரம் கிடந்தாள். தம்பிக்கு அப்போது இருபத்துநாலு வயது. அப்பாவின் அறையைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை அவனுக்கு. சட்டைகள், நாற்காலி, கண்ணாடி, சவரப் பெட்டி, செருப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே நாளில் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டான். அக்கா குழந்தையோடு வந்து கதவைத் திறந்தபோது வெறும் சுவர்தான் இருந்தது. "அப்பாவோட சட்டை ஒண்ணு கூடவாடா வெக்கல?" என்று கேட்டாள். ஒன்றுகூட இல்லை. ரேடியோ மட்டும் தப்பியது, அது ஏற்கெனவே அவள் வீட்டில் இருந்ததால்.

அந்த ரேடியோ ஊமையாகிப் பல வருஷமாயிற்று. வீடு மாற்றியதில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் எங்கோ உருண்டு போனது. மூன்று வருஷத்துக்கு முன்னால், அக்கா தனியாக இருக்க ஆரம்பித்த பிறகு, அதைப் போர்வையில் சுற்றிக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் வந்தாள்.

"திற, தூசி தட்டு, கம்பி விட்டிருந்தா ஒட்டு. ஒரு சாமானக்கூட மாத்தாதே" என்றாள். "அப்பா கேட்டது இதே சாமான்ல. நீ கை வெச்சா எதுவும் மிஞ்சாதுன்னு எனக்குத் தெரியும்."

"உள்ள எல்லாம் இத்துப்போயிருக்கும்க்கா. மாத்தாம போட்டா ஆபத்து."

"அப்ப பாட வேண்டாம். சும்மா இருக்கட்டும். போர்வைய எடு, கிளம்பறேன்."

"சரி, சரி. மாத்தல."

மாற்றினார். பதினாலு கண்டென்சரையும் மாற்றினார். அவர் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே அவ்வளவு நேர்த்தியானது வேறில்லை. ஒரு குழாயில் விரிசல் இருந்த இடத்தில்கூட விரிசலை அப்படியே விட்டு மூடினார். புதுக் குமிழ் ஒன்று போட்டுத் தருகிறேன் என்றதற்கு மட்டும் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பா திருகினது போச்சுன்னா போனதுதான். வேற எதுக்கு?" என்றாள். எனவே குமிழ் இருந்த இடத்தில் இரும்புத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ரேடியோ பாடியபோது அக்கா அழுதாள். "ஒண்ணுமே மாத்தாமயாடா?" என்று கேட்டாள். "தூசிதான்க்கா" என்றார். அன்றைக்கு, இருபத்தேழு வருஷம் கழித்து, அக்கா அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள். அந்தத் தடவலுக்காக அவர் இன்னும் பத்துப் பொய் சொல்லியிருப்பார்.

அந்த இரும்புத் தண்டு இரும்புத் தட்டோடு சேர்ந்தது. அக்கா தினமும் நாலு மணிக்குப் பழைய பாட்டு கேட்பாள். வெறும் விரலால் அதைத்தான் திருகுவாள். மணி மூன்றாகக் கால் மணி இருந்தது. போன் செய்தார்.

"அக்கா, இன்னிக்கு ரேடியோ போடாதே."

"ஏன்டா?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. "கரண்ட் ஏறி இறங்குதாம். வால்வு போயிடும்" என்றது வாய்.

"உன் வீட்டுல ஏறி இறங்கும். இங்க விளக்கெல்லாம் ஒழுங்காத்தான் எரியுது. சாப்பிட்டியா?"

"அக்கா, நான் வந்து எடுத்துட்டுப் போய் ஒரு தடவை துடைச்சு—"

"நல்லா பாடறத எதுக்குத் துடைக்கணும்? வேலையப் பாரு." வைத்துவிட்டாள்.

உயிர் போகிற விஷயத்திலும் ஒரு மனிதனுக்குப் பொய்தான் முதலில் வருகிறதென்றால் அவனை என்ன சொல்ல? அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. கம்பெனி ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு, லிஃப்டுக்கென்று வைத்திருந்த அசல் கண்டென்சர் ஒன்றை வாங்கினார். இந்தத் தடவை மெகரில் மாட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. மெகரையும் பற்றவைக்கும் கருவியையும் போட்ட தோள்பையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

இரண்டு பேருந்து மாற வேண்டும். முதலாவதில் நின்றுகொண்டே, என்ன சொல்வது எப்படிச் சொல்வது என்று நூறு தடவை ஓட்டிப் பார்த்தார். இரண்டாவது பேருந்து ஒரு பாலத்தின் மேல் ஏறி அப்படியே நின்றுவிட்டது. முன்னால் ஏதோ லாரி. ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டு இரண்டு கையையும் கட்டிக்கொண்டார். நாலு மணி தாண்டி இரண்டு நிமிஷம் ஆனபோது மெழுகண்ணன் போனை எடுத்து, இப்போது சொல்லிவிடுவது, எது வந்தாலும் சரி, என்று அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாட்டு நேரத்தில் அக்கா போனை அடுப்படியில் வைத்துவிடுவாள். மூன்று தடவை அழைத்தார். பிறகு நடுப்பாலத்தில் கதவைத் திறக்கச் சொல்லி இறங்கி ஓட ஆரம்பித்தார். ஐம்பத்துநாலு வயதில், தோள்பை இடுப்பில் இடிக்க இடிக்க.

அக்கா வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் ஏழாவதில் நின்றுகொண்டிருந்தது. லிஃப்ட் மெக்கானிக் அதற்குக் காத்திருக்காமல் படியில் ஏறினார். இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே பாட்டு கேட்டது. பாட்டு கேட்கிறது என்றால் ரேடியோ ஓடுகிறது. அக்கா? கதவைக் கையால் தட்டாமல் பையால் இடித்தார்.

கதவு திறந்தது. அக்கா நின்றாள், முழுசாக, தலை வாரி, கண்ணாடி போட்டுக்கொண்டு.

"யாரு துரத்துறாங்க உன்னை? உள்ள வா. தண்ணி குடி. இந்தப் பாட்டு முடியட்டும், பேசலாம்" என்று சொல்லிக்கொண்டே அவள் திரும்பி நடந்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, ஒலியைக் குறைக்கக் கையை நீட்டினாள். அவர் கண்ணெதிரே அவள் விரல் தண்டின்மேல் போய் அமர்ந்தது.

"அக்கா, கைய எடு!"

அவர் கத்திய கத்தலில் அவள் கையை இழுத்துக்கொண்டாள். நாற்காலியைத் தாண்டிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். பாட்டு இழுவையாகத் தேய்ந்து நின்றது. அவர் பிளக்கைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"மாத்திட்டேன்க்கா. அன்னிக்கே எல்லாத்தையும் மாத்திட்டேன். உள்ள அப்பா கேட்டது ஒண்ணுமில்ல. பழைய குழாய், உள்ள எல்லாம் புதுசு. அதுல ஒண்ணு போலி. அது கெட்டுப்போனா இந்தத் தண்டுல கரண்ட் ஏறும். தொட்டா ஆள் போயிடும். அதான் ஓடி வந்தேன்." நூறு தடவை ஓட்டிப் பார்த்த பேச்சில் ஒரு வரிகூட அதில் இல்லை.

அக்கா தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். கட்டைவிரலால் அதன் நுனியைத் தேய்த்துப் பார்த்தாள்.

"கரண்டா அது?" என்றாள்.

"எது?"

"ரெண்டு மாசமா இந்தத் தண்டத் தொட்டா ஒரு நடுக்கம் வரும். லேசா. கடைசியில அப்பாவுக்குக் கை நடுங்கும்ல, நம்ம கையப் பிடிச்சா நம்ம கைக்குள்ள வரைக்கும் வருமே. அதே மாதிரி." குரல் உடையவில்லை, அது உடைந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நான் பாட்டு கேக்கறதுக்கா தினம் போடறேன்னு நினைச்சே? பாட்டு முடியற வரைக்கும் விரலை அதுமேல வெச்சுட்டு உக்காந்திருப்பேன்."

ரெண்டு மாசம். கண்டென்சர் கசிய ஆரம்பித்து ரெண்டு மாசம். அக்கா தினமும் அரை மணி நேரம் சாவின்மேல் விரலை வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். வாய் திறந்தால் என்ன வருமோ என்று மெழுகண்ணன் பையைத் திறந்தார்.

"திற" என்றாள் அக்கா. "நானும் பார்க்கிறேன்."

பின்பக்கப் பலகையைக் கழற்றினார். அந்தக் கண்டென்சரை வெட்டி எடுத்து, மெழுகைச் சுரண்டி, குழாய்க்குள்ளிருந்ததை அவள் கண்முன்னே வெளியே தள்ளினார். நகம் அளவு, நடுவில் கருகிய பழுப்புக் கறை. அக்கா அதைத் தொடவில்லை. காலிக் குழாயைத்தான் எடுத்துக் கண்ணுக்கு நேரே வைத்து உள்ளே பார்த்தாள்.

"இதுக்குள்ள முன்னாடி இருந்தது?"

அவர் சுரண்டிய மெழுகை விரலால் ஒதுக்கினார்.

"வண்டியில ஏத்திட்டியா?"

"குப்பையில போட்டேன்க்கா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், எதிர்பார்த்த விலையைக் கடைக்காரன் சொன்னதுபோல. பிறகு கழற்றி வைத்த பலகையைத் திருப்பினாள். உட்பக்கத்தில் பென்சில் எழுத்து. கோணல்மாணலாக மூன்று வரி. ஒரு தேதி, "வால்வு மாற்றியது." இன்னொரு தேதி, "கண்டென்சர் இரண்டு மாற்றியது." மூன்றாவதில் எழுத்து நடுங்கியிருந்தது: "ஸ்பீக்கர் கம்பி புதுசு."

"இது அப்பா கையெழுத்து" என்றாள்.

"ஆமா."

"அவரே மாத்தியிருக்காரு."

"ஆமாக்கா."

"அன்னிக்கு நீ இதப் பார்த்தே."

பார்த்தார். திறந்த முதல் நாளே பார்த்தார். இதைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்து, "பாரு, அப்பாவே மாத்தியிருக்காரு, நானும் மாத்தட்டுமா" என்று கேட்டிருந்தால் அவள் மாட்டேன் என்றிருக்க மாட்டாள். கேட்கத் தோன்றவில்லை. தெரியாமல் செய்வதில்தான் அவருக்குக் கைத்திறன் இருந்தது. கேட்டுச் செய்வதில் இல்லை.

"மூணு வருஷமா இந்த எழுத்து என் வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு" என்றாள் அக்கா. "ஒரு வார்த்தை சொல்லல நீ."

புதுக் கண்டென்சரைப் பற்றவைத்தார். காலிக் குழாயை எடுக்கப் பழக்கத்தில் கை போனது. அக்கா அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். புதுசு நீல நிறத்தில் பளிச்சென்று வெளியே தெரிந்தது. மற்ற பதின்மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். அவை வேறு கடையில் வாங்கியவை; கசியவில்லை. எது எது என்று சத்தமாகச் சொல்லிச் சொல்லிச் சோதித்தார். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை.

பலகையை மூடுமுன் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அப்பாவின் மூன்றாவது வரிக்குக் கீழே வைத்தார். தேதியின் முதல் எண்ணைக்கூட எழுதவில்லை.

"அதுல எழுதாதே" என்றாள் அக்கா.

பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பலகையை மூடி, திருகாணிகளை முறுக்கி, பிளக்கைச் செருகினார். இரும்புத் தட்டில் மின்சாரம் இல்லை என்று கருவியால் இரண்டு தடவை பார்த்துவிட்டு, முதலில் தன் விரலைத் தண்டில் வைத்தார். பிறகு, "தொட்டுப் பாருக்கா, பயமில்ல" என்றார்.

வால்வுகள் சூடேறிப் பாட்டு வந்தது, முன்னைவிடத் தெளிவாக. அக்கா ஆள்காட்டி விரலை நீட்டித் தண்டின்மேல் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு ஒரு சரணம் முழுக்க ஓடியது. விரலை எடுக்காமலே இருந்தாள். ஒரு தடவை கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள். அவர் பிளக்கின் பக்கத்தில் முட்டி போட்டபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டைத் திருப்பி வைக்க வழியிருந்தால் அந்த நிமிஷம் வைத்திருப்பார்.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அவள் கையை எடுத்தாள். காலிக் குழாயை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து, தம்பிக்குத் தண்ணீர் கொண்டுவர அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து குரல் வந்தது.

"அடுத்த தடவை வரும்போது அதுக்கு ஒரு குமிழ் கொண்டு வந்து போட்டுடு."

"எந்த மாதிரிக்கா? பழைய மாதிரியே தேடி—"

"எதுன்னாலும் சரி" என்றாள் அக்கா. "வீட்டுல சும்மா கிடக்கிறது ஏதாவது போடு."